ஸுஸானா லிச்கோ: பிக்சல் கட்டத்தில் தொடங்கிய ஓர் எழுத்துருத் தொழில்

கேள்வி இதுதான்: “சோதனை முயற்சியாக எழுத்துரு செய்தவர்களில் யாராவது அதை வைத்தே பிழைத்திருக்கிறார்களா? இல்லை, டிசைன் கல்லூரிகளில் கொஞ்ச நாள் பேசப்பட்டு மறைந்துவிட்டார்களா? ஒருவரை எடுத்துக்கொண்டு விவரமாகச் சொல்லுங்கள்.”

பிழைத்திருக்கிறார்கள், ஆனால் ரொம்பப் பேர் இல்லை. இந்தப் பேச்சு வந்தாலே நெவில் பிராடி, டேவிட் கார்சன் என்று இரண்டு வடிவமைப்பாளர்களின் பெயர்கள் முன்னால் வந்து நிற்கும். இருவரும் பெரிய ஆட்கள்தான். ஆனால் அவர்களுடைய புகழ் முக்கியமாகப் பத்திரிகைப் பக்கங்களால் வந்தது. எழுத்துருவையே விற்று, அந்தக் காசில் அடுத்த சோதனையைச் செய்து, அதையும் விற்று, இப்படியே பல பத்தாண்டுகள் ஓட்டியவர் யார் என்று கேட்டால் என் பதில் ஸுஸானா லிச்கோ. கலிபோர்னியாவின் எமிக்ரே நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எமிக்ரே என்றாலே ‘விதிகளை உடைத்தவர்கள்’, ‘கலகக்காரர்கள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. லிச்கோவுக்கு அந்தப் பட்டம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அவருடைய வேலையை வரிசையாக எடுத்துப் பார்த்தால் தெரிவது கலகக்காரரின் புத்தி அல்ல, பொறியாளரின் புத்தி. கையில் இருக்கும் இயந்திரத்தால் என்ன முடியும், எது முடியாது என்று அளந்து பார்ப்பார். முடியாததை நடிக்க வைக்க மாட்டார். முடிவதைக் கொண்டு எழுத்தைக் கட்டுவார். பக்கத்தில் எழுத்தைச் சிதறடித்தது பெரும்பாலும் அவருடைய கணவர் ரூடி வான்டர்லான்ஸ். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

லிச்கோ பிறந்தது 1961-ல், அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பிராத்திஸ்லாவாவில். 1968-ல் குடும்பம் அமெரிக்காவுக்கு வந்தது. அப்போது வயது ஏழு. அப்பா கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் உயிரியல் சார்ந்த கணிதத்தில் ஆய்வு செய்தவர். அவர் வழியாகத்தான் மகளுக்குக் கம்ப்யூட்டர் அறிமுகம். லிச்கோ கம்ப்யூட்டரில் செய்த முதல் எழுத்துருவும் அப்பாவுக்காகச் செய்ததுதான். கணக்குச் சமன்பாடுகளுக்கு வேண்டியிருந்த கிரேக்க எழுத்துகள் அவை. கலை ஆசையில் அல்ல, ஒருவருக்கு ஒரு வேலை ஆக வேண்டும் என்பதற்காகச் செய்தது. இந்தத் தொடக்கம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கத்தான் போனார். புகைப்படம், கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது என்று சுற்றிவிட்டு, கடைசியில் கிராஃபிக் கம்யூனிகேஷன்ஸில் 1984-ல் பட்டம் வாங்கினார். அங்கே கையெழுத்துக்கலை வகுப்பும் இருந்தது. லிச்கோ இடக்கைப் பழக்கம் உள்ளவர். வகுப்பிலோ வலக்கையால் எழுத வைத்தார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. எழுத்து வடிவமைப்பு என்றாலே தூரிகையும் பட்டைப் பேனாவும்தான் அடிப்படை என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அந்த வாசல் வழியாக நுழைய முடியாதவருக்கு வேறொரு வாசல் அதே ஆண்டில் திறந்தது. 1984 ஜனவரியில் ஆப்பிள் மெக்கிண்டாஷ் கடைக்கு வந்தது.

ரூடி வான்டர்லான்ஸ் நெதர்லாந்துக்காரர். ஹேக் நகரத்துக் கலைக்கல்லூரியில் படித்துவிட்டு 1981-ல் கலிபோர்னியா வந்து, பெர்க்லியில் புகைப்படம் படித்தார். இருவரும் அங்கே சந்தித்து 1983-ல் திருமணம் செய்துகொண்டார்கள். ரூடி சான் பிரான்சிஸ்கோ குரானிக்கிள் நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டே, இன்னும் இரண்டு நெதர்லாந்து நண்பர்களுடன் சேர்ந்து 1984-ல் எமிக்ரே என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஊர் விட்டு ஊர் வந்த கலைஞர்களுக்கான இதழ் என்பது முதல் எண்ணம். டிசைன் பத்திரிகையாக ஆகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அச்சுக்கோப்புக்குக் கொடுக்கக் காசு இல்லாததால் தட்டச்சு எழுத்தை ஜெராக்ஸில் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் ஒட்டினார்கள். அப்புறம் வீட்டுக்குள் மெக்கிண்டாஷ் வந்தது.

அந்த முதல் மெக்கிண்டாஷ் எப்படிப்பட்டது என்று இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். நினைவகம் 128 கிலோபைட். திரையில் 512-க்கு 342 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கருப்பு அல்லது வெள்ளை. நடுவில் சாம்பல் கிடையாது. கூட வந்த இமேஜ்ரைட்டர் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தால் அதே படிக்கட்டுகள் அப்படியே தாளில் விழும். நல்ல அச்சுக்கோப்பைப் பார்த்துப் பழகிய வடிவமைப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். இது பொம்மை, இரண்டு வருடத்தில் நல்ல இயந்திரம் வரும், அதுவரை பொறுப்போம் என்பதுதான் பொதுவான பேச்சு. லிச்கோ அப்படிப் பார்க்கவில்லை. 72 புள்ளியில் டைம்ஸ் என்ற அச்சு எழுத்து அசிங்கமாக இருக்கிறது என்றால் குற்றம் புள்ளியுடையதா, டைம்ஸை அதில் திணித்தவருடையதா என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர் பார்த்த சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து ‘ஈ’-யை அதில் நிரப்ப வேண்டும். மேலே ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மூன்று கோட்டுக்கும் நடுவே இரண்டு வெற்றிடம். ஆகக் குறைந்தது ஐந்து கட்ட உயரம் வேண்டும். நான்கு கட்டத்தில் எந்த மேதையாலும் அதைச் சரியாக எழுத முடியாது. சிறிய ‘ஏ’, ‘எஸ்’ இரண்டுக்கும் இதே கதை. ‘எம்’-முக்கு அகலத்தில் ஐந்து. அடுத்து, கோட்டின் கனம். ஒரு கட்டம் அல்லது இரண்டு கட்டம்தான். ஒன்றரை என்பது இல்லை. ஒரு கட்டத்திலிருந்து இரண்டுக்குப் போனால் எழுத்து ஒரேயடியாக இரு மடங்கு தடித்துவிடும். அடுத்து, சாய்கோடு. 45 பாகைச் சாய்வு மட்டும் ஒன்றுக்கு ஒன்று என்று ஒழுங்கான படியாக இறங்கும். வேறு பெரும்பாலான சாய்வுகள் இரண்டு படி, ஒரு படி, மூன்று படி என்று தடுமாறும். வளைவோ, சொல்லவே வேண்டாம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 10 புள்ளி உயரத்துக்குச் செய்த எழுத்தை 15 புள்ளிக்கு நீட்ட முடியாது. புள்ளியைப் பெருக்கலாம், எழுத்தைப் பெருக்க முடியாது. ஒவ்வோர் உயரத்துக்கும் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் லிச்கோ 1985-ல் செய்த எம்பெரர், ஓக்லாண்ட், யுனிவர்சல், எமிக்ரே ஆகிய எழுத்துருக்களின் பெயருக்குப் பின்னால் எண் இருக்கிறது. எம்பெரர் 8, எம்பெரர் 10, எம்பெரர் 15, எம்பெரர் 19. அந்த எண் எழுத்து எத்தனை பிக்சல் உயரம் என்பதைச் சொல்கிறது. ஒரே குடும்பம், ஆனால் நான்கும் தனித்தனி வடிவமைப்பு. பழைய ஈய அச்சில் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் வேறு வேறாக வெட்டினார்களே, அந்தப் பழக்கம் புதிய இயந்திரத்தில் வேறு காரணத்துக்காகத் திரும்பி வந்தது.

இந்த வேலையில் அவர் முதல் ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெக்கிண்டாஷுடன் வந்த சிகாகோ, ஜெனீவா எழுத்துருக்களை ஆப்பிளில் இருந்த சூசன் கேர் ஏற்கெனவே பிக்சல் பிக்சலாகச் செய்திருந்தார். அதற்கும் முன்னால், 1967-ல், நெதர்லாந்தின் விம் கிரௌவெல் ‘நியூ ஆல்ஃபபெட்’ என்று ஒன்று வெளியிட்டார். ஜெர்மனியில் ஓர் அச்சுக் கண்காட்சியில் டிஜிசெட் என்ற மின்னணு அச்சுக்கோப்பு இயந்திரத்தைப் பார்த்தார். அது வளைவுகளைக் கெடுப்பதைக் கண்டு, வளைவே இல்லாத, வெறும் நேர்க்கோடும் 45 பாகை வெட்டும் மட்டும் உள்ள எழுத்துகளை வரைந்தார். அபாரமான யோசனை. ஆனால் பல எழுத்துகள் இன்னதென்றே தெரியாது. அதைப் புழக்கத்துக்கான எழுத்தாக அவரும் நினைக்கவில்லை. லிச்கோ எதிர்கொண்டதும் ஏறக்குறைய அதே சிக்கல்தான். ஆனால் அவர் எழுத்தின் அடையாளத்தை விடவில்லை. கட்டத்துக்குள் அடங்கவும் வேண்டும், வாசிக்கவும் முடிய வேண்டும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போவதும் மற்றொன்று அருங்காட்சியகத்தோடு சேர்த்துக் கடைக்கும் போவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

கடை எப்படி வந்தது என்றால், யாரும் திட்டம் போட்டு வரவில்லை. எமிக்ரே மூன்றாவது இதழை லிச்கோவின் பிட்மேப் எழுத்துகளில், அதாவது இந்தப் புள்ளிக்கட்ட எழுத்துகளில், அச்சிட்டார்கள். பார்த்தவர்கள் இந்த எழுத்து எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சரி, விற்போம் என்று இறங்கினார்கள். அதுவரை எழுத்துரு என்பது மோனோடைப், லினோடைப் மாதிரியான பெரிய இயந்திரக் கம்பெனிகளின் சொத்து. அவர்களுடைய இயந்திரம் வாங்கினால்தான் அவர்களுடைய எழுத்து. வடிவமைப்பாளர் என்பவர் அந்தக் கம்பெனிக்கு வரைந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஆள். மெக்கிண்டாஷ் வந்ததும் வீட்டு மேசையில் எழுத்துருவைச் செய்து ஃபிளாப்பியில் போட்டுத் தபாலில் அனுப்ப முடிந்தது. இதை முதலில் புரிந்துகொண்டு நடைமுறையில் காட்டிய சிலரில் இவர்களும் உண்டு.

அப்புறம் நடந்தது சுவாரசியம். இரண்டே ஆண்டில் அந்தக் கரடுமுரடான பிக்சலுக்கான தேவையே போய்விட்டது. 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. அங்குலத்துக்கு 300 புள்ளி. உள்ளே அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி. எழுத்தைப் புள்ளிகளாகச் சேமிக்காமல் வெளிக்கோடாகச் சேமித்து, எந்த அளவுக்கும் வளர்க்கலாம். வேறு யாராக இருந்தாலும், அப்பாடா, இனி ‘நல்ல’ எழுத்துச் செய்யலாம் என்று பழைய பாணிக்குத் திரும்பியிருப்பார்கள். லிச்கோ புது இயந்திரத்தையும் அதே மாதிரி அளக்கத் தொடங்கினார்.

எம்பெரர் 15-இன் எலும்புக்கூட்டை எடுத்து வெளிக்கோட்டு எழுத்தாக மாற்றினார்; அது மாடுலா. அடுத்து சிட்டிசன், 1986. மெக்கிண்டாஷில் படிக்கட்டு ஓரங்களை மழுக்கி அச்சிடுகிற ஒரு வசதி இருந்தது. 72 புள்ளிப் படத்தை 300 புள்ளிக்கு ஏற்றவாறு நேர்க்கோட்டுத் துண்டுகளால் தேய்த்துவிடும். அந்தத் தேய்ப்பின் விளைவையே லிச்கோ வடிவமாக எடுத்துக்கொண்டார். சிட்டிசனில் வளைவு மாதிரித் தெரிவதெல்லாம் நேர்க்கோடுகள்தான்.

இவற்றில் நான் அதிகம் மதிப்பது மேட்ரிக்ஸ். இதுவும் 1986. அன்றைய லேசர் பிரிண்டருக்கு நினைவகம் குறைவு. வெளிக்கோடு எங்கெங்கே திரும்புகிறது என்று குறிக்கும் முனைப்புள்ளிகள் கூடக் கூட எழுத்துரு கனக்கும், அச்சாக நேரம் பிடிக்கும். மரபான செரிஃப் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோட்டின் அடியில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும் சிறு கால்தான் செரிஃப். அது தண்டோடு வளைந்து சேர்ந்தால் எக்கச்சக்கப் புள்ளிகள் செலவு. சரி, வளைவை விட்டுவிட்டுச் செவ்வகக் கால் வைப்போம் என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று புள்ளி: தண்டைத் தொடும் இடம், வெளிப்பக்கத்து மேல் முனை, கீழ் முனை. அதையே முக்கோணமாக்கினால் இரண்டு புள்ளி போதும். மேட்ரிக்ஸின் செரிஃப் முக்கோணம். சாய்வுகளுக்கு 45 பாகை. அந்தப் பிரிண்டர் சுத்தமாக அச்சிடக்கூடிய சாய்வு அதுதான். இந்தச் சிக்கனக் கணக்கில் பிறந்த எழுத்து, பார்ப்பதற்கோ கல்லில் உளியால் கொத்தியது போல நறுக்கென்று நிற்கும். அது கணக்குப் போட்டு வந்த அழகு என்று தெரியாமலேயே 90-களில் எத்தனையோ பேர் அதைத் தலைப்புகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

80-களின் கடைசியில் வேரியெக்ஸ், ஆப்லாங் இரண்டையும் ரூடியோடு சேர்ந்து செய்தார். வேரியெக்ஸில் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுக்கோடு ஒன்றுதான். அதைச் சுற்றிக் கனத்தைக் கூட்டினால் மெலிந்தது, நடுத்தரம், தடித்தது என மூன்றும் வந்துவிடும். கனம் கூடும்போது எழுத்தின் உயரமும் கொஞ்சம் மாறும். வழக்கமாக அதைத் தவறு என்று திருத்துவார்கள். இவர்கள் அப்படியே விட்டார்கள். ஆப்லாங் எனக்குப் பிடிக்காது. அதைப் பற்றி அவ்வளவு போதும். 1989-ல் வந்த டிரிப்லெக்ஸ் வேறு ரகம், நீளமான பத்தியையும் தாங்கும் எழுத்து. சோதனைக்காரர் மெதுவாக வாசகருக்கான எழுத்துப் பக்கம் நகர்வது அங்கேயே தெரிகிறது.

இதற்குள் எமிக்ரே மற்றவர்களுடைய எழுத்துருக்களையும் வெளியிடத் தொடங்கிவிட்டது. சலவைக் கடைப் பலகை ஒன்றில், எழுத்து வடிவம் வெட்டிய தகட்டை வைத்து எழுதிய எழுத்துகளைப் பார்த்து பேரி டெக் செய்த டெம்ப்ளேட் காதிக். ஜெஃப்ரி கீடியின் கீடி சான்ஸ். இரண்டு வேறு எழுத்துகளைப் பாதிப் பாதியாக ஒட்டி பி. ஸ்காட் மக்கேலா செய்த டெட் ஹிஸ்டரி. லண்டன்காரர் ஜொனாதன் பார்ன்புரூக்கின் எக்ஸோசெட், மேசன். மேசனுக்கு முதலில் வைத்த பெயர் மேன்சன். கொலைகாரன் பெயரை எழுத்துக்கு வைப்பதா என்று எதிர்ப்பு வந்ததும் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார்கள். எக்ஸோசெட்டை டியாப்லோ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வழியாக உலகமே பார்த்தது. இந்த எழுத்துகளை எல்லாம் வைத்து ரூடி பக்கம் கட்டிய எமிக்ரே இதழ்கள்தான் சண்டையைக் கிளப்பின. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று கட்டுரைகள் இணையாக ஓடும். வரிகள் வெவ்வேறு அளவில் இருக்கும். எங்கே தொடங்குவது என்று வாசகரே தேட வேண்டும்.

நியூயார்க்கின் மாஸிமோ விக்னெல்லி வெளிப்படையாகவே இதைக் குப்பை என்றார். சாதாரண ஆள் இல்லை அவர். நியூயார்க் சுரங்க ரயிலின் 1972 வரைபடத்தைச் செய்தவர். வாழ்நாள் முழுக்க ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய எழுத்துருக்கள் போதும் என்று சொன்னவர். 1991-ல் பிரிண்ட் பத்திரிகையில் எமிக்ரேவை அவர் தாக்கிய பேச்சு டிசைன் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது.

லிச்கோ தரப்பு வாதம் ரொம்ப எளிது. எந்த எழுத்தும் தன்னளவில் எளிதில் வாசிக்கத் தக்கதாகப் பிறப்பதில்லை. எதை அதிகம் வாசிக்கிறோமோ அதையே நன்றாக வாசிக்கிறோம். அவர் காட்டிய உதாரணம், ஐரோப்பாவின் பழைய ‘பிளாக்லெட்டர்’ எழுத்துகள். இன்றைய கண்ணுக்கு முள்வேலி மாதிரித் தெரியும் அந்த எழுத்தைத்தான் ஒரு காலத்தில் விரும்பி வாசித்தார்கள். இந்த வாதத்தை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மேலே பார்த்த ‘ஈ’-யை நான்கு கட்டத்தில் போட்டுவிட்டு, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது லிச்கோவுக்குத் தெரியும் என்பதற்கு அவருடைய எழுத்துகளே சாட்சி. அந்த எல்லையை அவர் தாண்டியதே இல்லை.

அவர் 1996-ல் கையில் எடுத்தது பாஸ்கர்வில் எழுத்து. ஜான் பாஸ்கர்வில் 18-ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமில் இருந்த அச்சுக்காரர். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் நடுவே அவர் வைத்த வித்தியாசம் அன்றைக்குப் புதுசு. இதைப் படித்தால் கண் கெட்டுப்போகும் என்று பேசினார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1760-ல் பாஸ்கர்விலுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். பாஸ்கர்வில் எழுத்து கண்ணைக் கெடுக்கிறது என்று ஒருவர் அவரிடம் வாதாடினார். பிராங்க்ளின் உள்ளே போய், வில்லியம் கேஸ்லனின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேல் பகுதியைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில் என்று நீட்டினார். அந்த மனிதரும் எழுத்து எழுத்தாகக் குறை கண்டுபிடித்துக் காட்டினார். அவர் வாழ்நாளெல்லாம் கண் வலிக்காமல் வாசித்து வந்ததே கேஸ்லன் எழுத்தைத்தான். பழக்கம் பற்றிய லிச்கோவின் வாதத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாட்சி இது.

தன் பாஸ்கர்விலுக்கு லிச்கோ வைத்த பெயர் மிஸஸ் ஈவ்ஸ். கணவன் கைவிட்டுப்போன சாரா ஈவ்ஸ், பிள்ளைகளோடு பாஸ்கர்வில் வீட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து, பிறகு அவருக்குத் துணையாகி, முதல் கணவர் இறந்த பின் அவரை மணந்தவர். அச்சு வரலாறு மறந்துபோன பெண்களில் ஒருவரின் பெயர் இப்படித்தான் உலகமெங்கும் ஃபான்ட் பட்டியலில் ஏறியது. எழுத்தைப் பொறுத்தவரை, பாஸ்கர்விலின் புகழுக்குக் காரணமான அந்தத் தடித்த-மெல்லிய வித்தியாசத்தை லிச்கோ வேண்டுமென்றே குறைத்தார். ஈய எழுத்தைத் தாளில் அழுத்தும்போது மை கொஞ்சம் பரவி, மெல்லிய கோடும் சற்றுத் தடித்துவிடும். பழைய புத்தகத்தில் நாம் பார்ப்பது வரைந்த எழுத்தை அல்ல, அந்த மை பரவிய எழுத்தைத்தான். லிச்கோ கணினியில் வரைந்தது அதை. கூடவே சிறிய எழுத்துகளின் உயரத்தைக் குறைத்து, உடம்பை அகலமாக்கினார். ‘எஃப்’-உம் ‘ஐ’-யும், ‘சி’-யும் ‘டி’-யும் ஒட்டிக்கொள்வது போன்ற இணையெழுத்துகளை டஜன் கணக்கில் போட்டுக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி அதிகம். நீண்ட பத்தியாக ஓட்டினால் வரி கொஞ்சம் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அட்டை, தலைப்பு, கவிதை, அழைப்பிதழுக்கு அருமை, 300 பக்க நாவலுக்கு வேண்டாம் என்பது என் கணிப்பு. பலரும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். 2009-ல் சிறிய எழுத்துகளை உயர்த்தி, இடைவெளியை நெருக்கி மிஸஸ் ஈவ்ஸ் எக்ஸ்எல் என்று தனியாகவே வெளியிட்டார். அதே ஆண்டு செரிஃப் இல்லாத ஜோடியாக மிஸ்டர் ஈவ்ஸும் வந்தது. இணையதளம் கட்டப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் சின்னத்தில் இருக்கும் எழுத்து மிஸஸ் ஈவ்ஸ்தான். பெயர் தெரியாமலேயே பல முறை பார்த்திருப்பீர்கள்.

மிஸஸ் ஈவ்ஸ் வந்த அதே 1996-ல் இத்தாலியின் பொடோனி எழுத்துக்கு ஃபிலோசோஃபியா என்று தன் வடிவம் ஒன்றைக் கொடுத்தார். அதை அறிவிக்கும் சுவரொட்டியை வடிவமைத்தது யார் தெரியுமா? மாஸிமோ விக்னெல்லி! ஐந்து வருடத்துக்கு முன்னால் குப்பை என்றவர். அவர் பயன்படுத்தத் தகுந்ததாகக் கருதிய சில எழுத்துகளில் பொடோனியும் ஒன்று. ரூடி போய்க் கேட்டார், அவரும் ஒத்துக்கொண்டார். எழுத்துரு உலகச் சண்டைகளில் இவ்வளவு நாகரிகமாக முடிந்தது வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

மரபுக்குத் திரும்பிவிட்டார் என்று அப்போது சிலர் பேசியது சரியான கணிப்பு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1995-ல், பேஸ் நைன், பேஸ் ட்வெல்வ் இரண்டையும் வெளியிட்டிருந்தார். வழக்கமாக அச்சுக்கான வெளிக்கோட்டை முதலில் வரைந்துவிட்டு, திரைக்கான பிக்சல் வடிவத்தைப் பிறகு அதற்குள் இழுத்துப் பிடித்துப் பொருத்துவார்கள். திரையில் எழுத்து நெளிவதும் இடைவெளி கெடுவதும் அதனால்தான். லிச்கோ தலைகீழாகச் செய்தார். திரையில் 9, 12 புள்ளி அளவுகளில் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் பிக்சலில் முடிவு செய்தார். அதன் அகலத்துக்கும் உருவத்துக்கும் கட்டுப்பட்டு அச்சு எழுத்தை வரைந்தார். இணையம் அப்போதுதான் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய பிக்சல் அனுபவம் அங்கே அப்படியே உதவியது. திரைகள் நுணுக்கமானதும் 2010-ல் அதையே பேஸ் 900 என்று திருத்தி வரைந்தார். பழைய எம்பெரர், ஓக்லாண்ட் குடும்பங்களையும் 2001-ல் லோ-ரெஸ் என்ற பெயரில் ஒழுங்குபடுத்தி மறுபடி விற்பனைக்கு விட்டார். 1985-இன் தற்காலிகச் சமாளிப்பு என்று மற்றவர்கள் நினைத்தது பதினாறு வருடம் கழித்தும் காசு கொடுத்தது.

காசு என்றதும் திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துரு நகல் எடுப்பது சுலபம். அமெரிக்கச் சட்டம் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை தருவதில்லை. ஆனால் ஃபான்ட் கோப்பு ஒரு கணினி நிரல் என்ற முறையில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. 1998-ல் கலிபோர்னியாவில் அடோபி தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதில் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட காரணம் கவனிக்கத்தக்கது: வெளிக்கோட்டில் எந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கிறாரே, அந்தத் தேர்வுதான் படைப்பு. மேட்ரிக்ஸில் மூன்று புள்ளியா இரண்டு புள்ளியா என்று மல்லுக்கட்டிய லிச்கோவின் உழைப்பு எந்த வகை உழைப்பு என்று கேட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

அங்கீகாரம் நிறையவே வந்தது. 1994-ல் கிரைஸ்லர் விருது, 1997-ல் அமெரிக்க கிராஃபிக் கலை நிறுவனத்தின் பதக்கம், இரண்டும் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011-ல் முதன்முறையாக 23 டிஜிட்டல் எழுத்துருக்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதில் ஐந்து எமிக்ரேவுடையவை. அந்த ஐந்தில் லிச்கோவுடையது ஓக்லாண்ட். எமிக்ரே பத்திரிகை 69 இதழ்களோடு 2005-ல் நின்றது. அதன் ஆவணங்கள் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்துரு விற்பனை தொடர்ந்தது. லிச்கோ மண்பாண்டச் சிற்பங்கள் பக்கமும் போனார்.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எது இவர்களை நிற்க வைத்தது? என் கணக்கில் இரண்டு விஷயம். ஒன்று, பத்திரிகையும் எழுத்துருவும் ஒரே வீட்டில் இருந்தன. எழுத்துரு விற்ற காசு பத்திரிகையை ஓட்டியது. பத்திரிகையோ விளம்பரச் செலவில்லாத எழுத்து மாதிரிப் புத்தகமாக வேலை செய்தது. புதிய எழுத்து ஒன்று எப்படி இருக்கும் என்பதை வெறும் அகரவரிசையாகக் காட்டாமல், ஒரு முழுப் பக்கத்தில் வேலை செய்ய வைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற வடிவமைப்பாளர்கள் வாங்கினார்கள். இரண்டு, லிச்கோ ஒரு ‘பாணி’யில் மாட்டிக்கொள்ளவில்லை. பிக்சல் ராணி என்ற பெயரோடு 1990-க்குள் முடிந்துபோயிருக்கலாம். இயந்திரம் மாறினால் கேள்வியும் மாறும் என்று எடுத்துக்கொண்டதால்தான் ஓக்லாண்ட் செய்த கையே மிஸஸ் ஈவ்ஸும் செய்தது. கூடவே அதிர்ஷ்டமும் உண்டு. சரியான ஊரில், சரியான வருடத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தார். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

நீங்களே இதில் இறங்கிப் பார்க்க நினைத்தால் மென்பொருள் எதுவும் வேண்டாம். கட்டத்தாளில் சிறிய எழுத்துகளின் உடம்புக்கு ஐந்து கட்ட உயரம் வைத்து, ஒரு கட்டக் கனத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26-ஐயும் நிரப்பிப் பாருங்கள். ‘ஓ’, ‘என்’, ‘ஐ’ எல்லாம் சட்டென்று முடியும். ‘எஸ்’-இல் கொஞ்சம் யோசிப்பீர்கள். ‘கே’, ‘எக்ஸ்’, ‘டபிள்யூ’ மூன்றும் படுத்தும், சாய்கோடு இருக்கிறதே. அதெல்லாம் முடிந்த பிறகு ஓக்லாண்டின் அதே எழுத்துகளைத் தேடி எடுத்து, அந்த அம்மா எந்தக் கட்டத்தை நிரப்பினார், எதை விட்டார் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.